பேணிக்குள் நின்ற மணிக்கூடு

உலகத்திலேயே அப்படியான கைமணிக்கூடு மூன்று பேரிடம்தான் இருந்தது. ஒன்று ஏதோ ஒரு தேசத்து மகாராணியிடம். அவர் அதைக் கழற்றாமல்தான் குளிப்பாராம். இன்னொன்று பத்து எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற ஒரு அரபு ஷேக்கிடம். மூன்றாவது, வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் உழுந்தும் கச்சானும் பயிர்போடுகிற பழனியாண்டியிடம். மகாராணியின் மணிக்கூடு வருடத்துக்கு ஒரு செக்கன் பிந்தும். பழனியாண்டியினது அதுவும் பிந்தாது. சூரியன்கூட விடியற்புறம் அதை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பி வரும்.

இப்படியெல்லாம் சொன்னவர் அதை விற்ற சிற்றம்பலம். சவூதியில் மூன்று வருடம் லொறி ஓடிவிட்டு எண்பத்திரண்டில் ஊர் திரும்பியவர். பெட்டியில் மூன்று சுவிஸ் மணிக்கூடுகள் கொண்டுவந்திருந்தார்.

பழனியாண்டி அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. அவர் எதையும் நம்புகிற ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் மனைவி மீனம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கு இரண்டு இறாத்தல், ஈரத்துக்கு இரண்டு இறாத்தல் என்று கழிப்பார்கள். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். அங்கே பிடித்த வியாதி அவருக்கு. உப்பு வாங்கினால் நக்கிப் பார்ப்பார். பஸ்ஸில் ரிக்கெற் வாங்கினால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார், பிறகு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் சரியாகத்தான் வாசித்தாரா என்று பின் சீற்றில் இருக்கிறவரிடம் கேட்பார். கோயிலில் விபூதி வாங்கினாலும் மணந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

அப்படியான மனிதர் போய் மணிக்கூட்டில் விழுந்தது எப்படி?

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். தோட்டத்து வாசலில் ஒரு லொறி நின்றது. கிளாக்கர் ஐயா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி லொறிக்காரனிடம் கொடுத்தார். அவருடைய குடும்பத்தில் ஆறு பேரும் ஏறினார்கள். பழனியாண்டி ஒரு வெள்ளாட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். லொறிக்காரன் ஆட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழனியாண்டியும் மீனம்மாவும் காட்டுக்குள்ளால் இரண்டு நாள் நடந்தார்கள். புறப்பட்டபோது மீனம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது இல்லை. அந்த வீட்டில் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

ஆகவே சிற்றம்பலம் பெட்டியைத் திறந்தபோது பழனியாண்டியின் கண்ணில் மகாராணி படவில்லை. ஒரு லொறிதான் பட்டது.

"காணி வாங்கினால் ஆரும் பிடிப்பான், பழனியாண்டி. மாடு வாங்கினால் சாகும். பொன்னைக் காதோட அறுத்துக்கொண்டு போவான்," என்றார் சிற்றம்பலம். "இது அப்பிடியில்லை. பத்து வருசம் பொறும். மூண்டு மடங்குக்கு விக்கலாம்."

"பத்து வருசத்துல நீங்க இங்க இருப்பீங்களா ஐயா?"

"நான் ஏன் இருக்கோணும்? மணிக்கூடு இருக்கும் தானே."

"இம்புட்டு நல்ல சாமான நீங்க ஏன் விக்கிறீங்க?"

சிற்றம்பலம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மூண்டையும் நான் ஒரு கையில கட்டேலுமே? ஒண்டு மட்டும் கேளும். கட்டித் திரிஞ்சால் கீறல் விழும். கீறல் விழுந்தால் பாதி விலை. கவனமா உள்ளுக்கை வைச்சிரும். சாவி கொடுக்கத் தேவையில்லை, தானா ஓடும். அந்தக் குமிழைத் தொடவும் வேண்டாம்."

கிணறு வெட்டவென்று நாலு போகம் மிச்சம் பிடித்த காசும் இரண்டு பசுமாடும் அதற்குள் போயின. மீனம்மா அன்றும் வழக்கம்போல அரை மைல் போய் அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இதுல வாளி விட்டா தண்ணி வருமா?"

"ஓடணும்னு வந்தா இதுதான் நம்மள ஏத்தி விடும், புள்ள."

"ஓடுற வரைக்கும் நான் தண்ணி சொமக்கணும், அப்படித்தானே?"

பழனியாண்டி அதைப் பழந்துணியில் சுற்றி, பால்மா வந்த தகரப் பேணிக்குள் வைத்து, பேணியை உமி மூட்டைக்குள் புதைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தார். மணிக்கூடு நாலேகாலில் நின்றிருந்தது.

கையில் எடுத்துத் திருப்பினார். செக்கன் முள் ஒன்றும் நடக்காததுபோல ஓடத் தொடங்கியது. திரும்பப் பேணிக்குள் வைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் நின்றிருந்தது.

மடியில் செருகிக்கொண்டு சிற்றம்பலத்தின் வீட்டுக்கு நடந்தார். அங்கே போய் எடுத்தால் அது குதிரைபோல ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதே," என்றார் சிற்றம்பலம்.

"வீட்டுல நின்னுருச்சு ஐயா."

"என்ரை வீட்டில ஓடுது, உம்மடை வீட்டில நிக்குதெண்டால் பிழை மணிக்கூட்டிலயோ வீட்டிலயோ?"

பழனியாண்டிக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தார். மணிக்கூடு தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்துகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மீனம்மாவைக் கூப்பிட்டார்.

"கைய காட்டு."

"என் கையில என்னா இருக்கு? கொழுந்துக் கற கூடப் போயிருச்சு."

மோந்து பார்த்தார். வெங்காயம்தான் மணத்தது. வெங்காயத்தையும் அவர் முழுக்க நம்பவில்லை.

இரண்டாவது சந்தேகம் வேலிக்கு அந்தப் பக்கம். வடிவம்மாவின் மகன் யோகநாதன், பதினாறு வயது, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சங்கக் கடைப் பலகையில் "இன்று சீனி இனாம்" என்று எழுதிவைத்து அரைக் கிராமத்தை வரிசையில் நிற்கவைத்தவன். வவுனியா பஸ்ஸின் பின்னால் ஏழு வெறும் பேணிகளைக் கட்டிவிட்டவன். அவனைச் சந்தேகிக்கப் பழனியாண்டியாக இருக்கவே தேவையில்லை. ஊரில் ஒரு கோழி முட்டையிடாவிட்டாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் பிடிக்க முடியவில்லை. மணிக்கூடு இரண்டு நாளுக்கு ஒருமுறை சாவதும், பழனியாண்டி தூக்கினதும் உயிர் பெறுவதுமாக ஒரு மாதம் போனது. கடைசியில் சிற்றம்பலம் மனமிரங்கி ஒரு சொல் சொன்னார்.

"சரி, உமக்காண்டிப் பாதி விலைக்குத் திருப்பி எடுக்கிறன். வாற வெள்ளி கொண்டு வாரும்."

அன்றைக்குப் பழனியாண்டி குசினி வாசலில் பேணியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். மீனம்மா விறகு முறித்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டாத கெணத்த மூடிட்டேன், புள்ள," என்றார்.

மீனம்மா அன்றைக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் விசேஷம். வெள்ளிக்கிழமை காலையில் பேணியைத் திறந்தார். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு நாலு நாள் ஆகியிருந்தது. நேரமும் சரி, பள்ளிக்கூட மணி அடித்தபோது முள் எட்டில் இருந்தது. சிற்றம்பலம் வீட்டுக்கு அவர் போகவில்லை. சனி ஓடியது. ஞாயிறு ஓடியது. மற்ற ஆள் என்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் படுத்திருப்பார். பழனியாண்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நின்றபோது இரண்டு பேர்மீதுதான் சந்தேகம் இருந்தது. ஓடினபோது ஊர் முழுவதன்மீதும் வந்தது.

மீனம்மாவின் தலைமயிர் ஒன்றை எடுத்துப் பேணி மூடியின் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் கச்சான் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தால் மயிர் இல்லை, மணிக்கூடு இருந்தது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு ஆளின் உடம்பிலிருந்து கழற்றியதுபோல.

மறுநாள் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தார். பேணி வெறுமையாகக் கிடந்தது.

உமி மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தி ஊரைக் கூட்ட அவருக்கு வாய் வரவில்லை. நாலு போகமும் இரண்டு மாடும் போனபிறகு ஊர் கூடி என்ன செய்யும்? மீனம்மா கேட்டதற்குத் தலையிடி என்றார். வெளியே போய் வேப்பமரத்தடியில் படுத்தார். மூன்று மணிக்கு எழும்பி உள்ளே வந்து பேணியை ஆட்டினார். உள்ளே மணிக்கூடு இருந்தது. கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது.

களவு போவது அவருக்கு விளங்கும். களவு போனது திரும்பி வருவதுதான் விளங்கவில்லை. எடுக்கிறவனுக்கு என்ன இலாபம்? நல்லதை எடுத்துக்கொண்டு போலியை வைக்கிறானோ? நாளுக்கொரு பாகமாகக் கழற்றுகிறானோ? மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். முந்திக் கேட்ட சத்தம்தானா என்று சத்தியம் பண்ண அவரால் முடியவில்லை.

ஆவணி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், ஒழுங்கையோரம் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். யோகநாதன் சைக்கிளில் வந்தான். நீளக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் பூட்டியிருந்தான். ஊரில் ஆம்பிளைகள் சட்டையே போடாத வெயில் அது. பழனியாண்டி மண்வெட்டியை நிறுத்தினார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்தபடியே கேட்டார்.

"தம்பி, மணி என்னாப்பா?"

பையன் பிறேக் பிடித்தான். பொத்தானைக் கழற்றினான், சட்டைக்கையை மடித்தான், மணிக்கட்டில் சுற்றியிருந்த கைக்குட்டையை ஒதுக்கிப் பார்த்தான்.

"பதினொண்டு இருவது, அண்ணை."

சொன்ன பிறகுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது. அந்த மொக்கன் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவன்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"மேல சூரியனப் பாத்துச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்ப," என்றார் பழனியாண்டி. சைக்கிள் காரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "எத்தன நாளா?"

"பன்ரண்டு நாள்."

"எதுக்கு?"

"அது கையாட்டத்தில ஓடுற சாமான், அண்ணை. வவுனியாவில மணிக்கூடு திருத்துற பரமேஸ்வரன் அண்ணையிட்டைக் கேட்டனான். ஆரும் கையில கட்டித் திரிஞ்சால்தான் அதுக்கு உசிர். பேணிக்குள்ள வைச்சால் ரெண்டு நாளையில நிண்டிடும். பழுதில்லை."

"நெச சுவிஸ்தானா?"

"ஓம். அவர் திறந்து பாத்தவர். சுத்தமான சாமானாம். பாதி விலைக்குக் குடுத்தால் விசர் எண்டவர்."

பழனியாண்டி வரம்பில் உட்கார்ந்தார். காரியரில் இருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு மூன்று தரம் மூச்சை இழுத்து விட்டார். கிணறு திரும்பி வந்த முகம் அப்படித்தான் இருக்கும்போல.

"இத நீ என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொன்னால் நம்பியிருப்பியளே?"

"மாட்டேன்," என்றார் உடனே. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். நிறுவைத் தராசைப் பார்க்கிற பார்வை அது. "சரி, வேலி தாண்டி வந்து தெனம் எடுத்து, தெனம் வச்சிருக்க. எதுக்கு?"

"சும்மா பகிடிக்கு."

"பகிடிக்கா?"

"ஓம். உங்களைப் பேய்க்காட்டத்தான்."

"பேய்க்காட்டுறவன் முள்ளத் திருப்பி வச்சிருப்பான். ஒளிச்சு வச்சுட்டு வேலியோரம் நின்னு சிரிச்சிருப்பான். நீ கீறல் விழும்னு கைக்குட்ட சுத்தியிருக்க." கைக்குட்டையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "சலவ பண்ணி வேற இருக்கு."

பையன் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்குக் கெணத்தப் பத்திப் பேசினப்ப வேலிக்கு அந்தப் பக்கம் நின்னது நீதானே? எங்க கெணத்துல ஒனக்கு என்னாப்பா அவ்வளவு அக்கற?"

வாத்தியார் கேட்டாலும் விதானையார் கேட்டாலும் கேள்வி முடியுமுன் பொய் சொல்லிப் பழகின வாய் அது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மணிக்கூட்டைக் குனிந்து பார்த்தான்.

"பதினொண்டு இருவத்தஞ்சு," என்றான். அதை அப்போது ஒருவரும் கேட்கவில்லை.