வாள் வைத்த மேசை

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், குருண் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரையின் தேக்கு மேசையை ஜப்பான் பட்டாளம் தூக்கிப் போய்விட்டதால், வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தில் மேசை ஒன்று செய்யச் சொன்னேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதத்தில் பூச்சி அரித்து, காலடியில் மாவு கொட்டியது. கூட்டித் தள்ளிவிட்டேன்.

புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி அந்த மேசைமேல் வாளை வைத்தார். ஒரு கால் முறிந்தது. வாள் தரையில் விழுந்தது.

"முடிஞ்சிச்சுலா ஐயா, செத்தோம்!" என்றார் பக்கத்தில் நின்ற, கூலியாட்களின் கங்காணி.

கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், மற்ற கால்களையும் அறுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார் அதிகாரி. பிறகு பாய் விரித்து, குட்டை மேசைமுன் சம்மணமிட்டார். நானும் உட்கார்ந்தேன், வீட்டில் இருப்பதுபோல் சுகமாகவே இருந்தது.

இப்போது ஆபீசுக்கு மேசை வாங்கப் போனால், குனிந்து காலைத் தட்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் மேசையில் யாரும் வாள் வைத்ததில்லை.