சுகப்பிரசவம் என்று சொன்னோம்

என் முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதை அம்மா உத்தனப்பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை. ஷிப்டில் இருக்கும்போதே வலி எடுத்து, ஓசூரிலேயே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். ஊரில் அவள் பரப்பிய சேதி சுகப்பிரசவம். மகள் உடம்பில் கத்தி பட்டது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். போகட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை, ஏழாம் மாத ஸ்கேனுக்குப் போனபோது எங்கள் ஊர் அத்தை ஒருத்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு எழுதிய பெண், "முந்தின டெலிவரி எப்டி?" என்று கேட்டாள். அம்மா முந்திக்கொண்டு, "சுகப்பிரசவந்தான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் அந்த அத்தையின் வாய்க்குப் பயந்துதான்.

உள்ளே டாக்டரம்மா பேசிக்கொண்டே பார்த்தார். சட்டென்று பேச்சு நின்றது. அடிவயிற்றில் ஒரே இடத்துக்குக் கருவி திரும்பத் திரும்ப வந்தது. மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைப் பார்த்துப் பழுதானதைக் கழிப்பதுதான் என் வேலை. நல்ல பாகத்தை யாரும் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பதில்லை.

"மேடம், மொத கொழந்த ஆபரேஷன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பெரிய டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சொன்னார்: "பழைய தையல் எடத்துல நஞ்சுக்கொடி ஒட்டி உள்ள பூந்த மாதிரி தெரியுதும்மா. அது தானா கழண்டு வராது. பிச்சு எடுத்தா ரத்தம் நிக்காது. நாளுக்கு முந்தியே பெரிய ஆஸ்பத்திரில, ரத்தம் ரெடியா வெச்சிக்கிட்டு ஆபரேஷன் பண்ணணும். கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டி வரலாம்."

வெளியே வந்து சொன்னேன். இந்தப் பிரசவத்தையாவது ஊரில் பார்க்கவேண்டும் என்று அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்த அம்மா, "உன்ன நானே கொல்லப் பாத்தனா கண்ணு" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல்தான் வந்தது.

ஆபரேஷன் பெங்களூரில் நடந்தது. என் கணவரோடு வேலை செய்பவர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து ரத்தம் கொடுத்தார்கள். மகளும் பிழைத்தாள், நானும் பிழைத்தேன். கர்ப்பப்பை போய்விட்டது. உயிர் மிஞ்சியதே என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியும் அதற்காக அழுதேன்.

இப்போது உத்தனப்பள்ளியில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் அம்மா அங்கே போய் நிற்கிறாள். யாரும் கேட்பதற்கு முன்பே, அந்த அத்தை பக்கத்தில் இருந்தாலும் சொல்கிறாள்: "எம்பொண்ணுக்கு ரெண்டும் ஆபரேஷன். நாந்தான் பொய் சொன்னேன். நீயாவது உள்ளத சொல்லு."