இருபத்து நான்கு எலிகளும் ஒரு டப்பா பூவும்

எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிறவன் நான். எண்பதுகளின் கடைசியில், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்குச் சோதனையை எப்படித் திட்டமிடுவது என்று பாடம் நடத்தினேன். புள்ளியியல் படித்த பாவத்துக்கு, சனிக்கிழமைதோறும் அஸ்தம்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்.

வகுப்பில் மோகனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். உடம்பு தேற்றும் மூலிகை மருந்து ஒன்றைப் பற்றி ஆய்வு. முதல் சோதனையில் கூண்டுக்குள் கையை விட்டு, முதலில் சிக்கிய பாதி எலிகளுக்கு மருந்தும், மிச்சத்துக்கு வெறும் தண்ணீரும் கொடுத்திருந்தார். முதலில் சிக்குவது ஓடச் சோம்பல்படும் குண்டு எலிதானே. மருந்து பிரமாதமாக வேலை செய்வதுபோல் தெரிந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் நம்பவில்லை. மீதி இருந்தவை இருபத்து நான்கு எலிகள். அவற்றிலும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது.

"எந்த எலிக்கு மருந்துன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, சீட்டு பண்ணட்டும்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் போனால், மேசைமேல் ஒரு டப்பா நிறையக் காகிதப் பொட்டலங்கள்.

"நம்மூர்க் கோயில்ல பூக் கேக்கறதில்லீங்களா சார், அதேதான். வெள்ளப் பூ வந்தா மருந்து. செவப்பு வந்தா தண்ணி."

பூரித்துப்போனேன். வெளிநாட்டுப் புத்தகம் நாற்பது பக்கம் திணறியதை நம் பூசாரிகள் எப்போதோ முடித்துவிட்டார்கள். பிறகு கூண்டுகளைப் பார்த்தேன். மருந்துக் கூண்டில் மறுபடியும் கொழுகொழுவென்று இருந்தவையே உட்கார்ந்திருந்தன.

"சீட்டுல வந்ததுதானுங்களா இது?"

"ஆமாங்க. கொழுத்ததுல சிலதுக்கு மொதத் தடவ செவப்பு வந்துச்சுங்க. மனசு ஒப்பல. மூணு தடவ கேக்கறது வழக்கந்தானுங்களே."

கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. என் கல்யாணத்துக்கே சாமி இரண்டு தடவை சிவப்பில் வேண்டாம் என்றது; மூன்றாவது தடவையில்தான் வெள்ளை வந்தது.

"மருந்து குடுத்துட்டீங்களா?"

"திங்கக்கெழமதானுங்க ஆரம்பம்."

"அப்ப மொதல்லருந்து. எலிக்கு ஒரு தடவைதான்."

அவர் எலிகளைப் பிடித்தார். நான் பெஞ்சுமேல் நின்றபடி பொட்டலம் எடுத்தேன். பதினொன்றாவதாக, காது கிழிந்த ஒன்று. அவருடைய செல்லம். பிரித்தேன். சிவப்பு. அவர் முகம் சுருங்கிவிட்டது. எலியும் என்னையே பார்த்தது. என்னை அறியாமல் பூவை அரைகுறையாக மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, மறுபடி கையை விட்டேன்.

"வேண்டாங்க சார்," என்றார். "எலிக்கு ஒரு தடவைதான்னு சொன்னீங்க."

இருவரும் குனிந்து அதே சிவப்பைத் தேடி எடுத்தோம்.

சோதனை முடிந்தபோது, மருந்து எதற்கும் உதவாது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. பேராசிரியர் இந்த முறை நம்பினார். பட்டம் கிடைத்தது. எல்லாவற்றிலும் அதிகமாகக் கொழுத்திருந்தது, பச்சைத் தண்ணீர் குடித்த அந்தக் கிழிந்த காதுதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "கொடுத்து வெச்ச எலிங்க. மொதத் தடவையோட உட்டுட்டாங்க" என்றாள்.