பால்காய்ப்புக்குக் கொண்டுபோன படம்

எங்கள் ஓடையில் வெள்ளம் வந்த வருடம் நிலக்காரரை அப்பா தோளில் ஏற்றித்தான் கரை சேர்த்தார். நாகலாபுரம் பக்கம் அவருடைய நாலு ஏக்கர் கரிசலை அப்பா விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதுவந்தார். அவர் இருந்தது கோவில்பட்டியில். தன் தோளில் வந்ததை அவர் மறந்துவிட்டார் என்று அப்பாவுக்கு ஒரு குறை. நான் ஏழாவது படித்தபோது சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு இந்த வருடம் விதைக்கலாமா என்று கேட்டால் அவர் வானத்தைப் பார்த்தார். புரட்டாசி பிறந்தும் பதில் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வந்தது. எல்லோரும் சாமி படமோ குத்துவிளக்கோ கொண்டுபோவார்கள். அப்பா கயத்தாற்றில் பழைய சாமான் கடையில் வேறொரு படத்தைப் பிடித்துவந்தார். வெள்ளைக்காரன் பங்களாவில் தொங்கியதாம், கையால் வர்ணம் பூசியதாம். சிவப்புக் கோட்டுப் போட்ட தடித்த துரை ஒருவர், விலா எலும்பு தெரியும் ஒரு உழவுச் சம்சாரியின் கழுத்தில் உட்கார்ந்திருந்தார். சம்சாரி மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நின்றான். வர்ணம் பூசியவன் அவசரக்காரன் போலிருக்கிறது. கோட்டின் சிவப்பு துரையின் கன்னம்வரை வழிந்திருந்தது. தரைக்குப் பூசிய நீலப்பச்சை சம்சாரியின் முழங்கால்வரை ஏறியிருந்தது. அதை அப்பா ஓடைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். தண்ணீரும் தோளும் சேர்ந்தால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம் கிடையாது. சட்டத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம்.

கூடம் நிறைய விருந்தாளிகள். நிலக்காரர் தாளைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளத்தன்று நடந்ததை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். நிலக்காரர் நிமிராமலே என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, நீ இங்கிலீசு படிக்கேல்லா. கீழ என்ன போட்டிருக்கு, சத்தமா வாசி.”

அதுவரை படத்தின் அடியில் எழுத்து இருந்ததையே நான் கவனிக்கவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். முதல் தடவை நம்பாமல் மறுபடி கூட்டினேன். ‘இவன் எப்போதுதான் இறங்கித் தொலைவான்?’ என்றிருந்தது.

“வாசிடே, மொதலாளி கேக்காவல்லா” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

“எசமானைப் பத்திரமா அக்கரை சேப்பேன்னு போட்டிருக்கு” என்றேன்.

“அப்படியா போட்டிருக்கு?”

“ஆமா.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

“இவன நல்லாப் படிக்க வையிப்பா, பொழச்சுக்கிடுவான்” என்றார் அப்பாவிடம். பிறகு, சாப்பாட்டுக்கு உட்காரச் சொல்வது போல, “இந்த வருசம் நீயே வெதச்சுக்கோ” என்றார்.

ஒரு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்ட மிதப்பில் அன்று நான் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

உளுந்து நன்றாகவே விளைந்தது. அடுத்த வருடம் நிலம் சோலாருக்குப் போனது. கடைசி வாரப் பங்கைக் கொடுக்கப் போன அன்று, கம்பெனிக்காரர் கொண்டுவந்த ஆங்கில ஒப்பந்தத்தை நிலக்காரர் வரிவரியாகப் படித்து, ஓரிடத்தில் சொல் தவறு என்று பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். இவ்வளவு படிக்கத் தெரிந்தவர் அன்று என்னை ஏன் வாசிக்கச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை.