பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா வீடு

இன்றைக்குக் காவிரிப் பாலத்து நடுவில் டிராஃபிக் ஜாம்!

கார் ஓட்டிய மகள் என்னைப் பார்த்து, "ஏம்மா, பயமா இருக்குதா?" என்றாள்.

"போடி, அதெல்லாம் எப்பவோ போயிருச்சு" என்றேன். (கை மட்டும் சீட் பெல்ட்டை விடவில்லை!)

அம்மா போய் வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் அந்தப் பாலத்தில் ஏறினால் மனசு எனக்கு முன்னால் அக்கரைக்கு ஓடிவிடுகிறது. என்ன செய்ய?

நான் பிறந்தது பள்ளிபாளையம். வாக்கப்பட்டது திருப்பூர் மண்ணரை. நடுவில் காவிரி. எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய அம்பாசிடர், சரியாகப் பாலத்து நடுவில் நின்றுவிட்டது. ஆவணி மாசம், ஆற்றில் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடுகிறது. பக்கத்தில் லாரி போனால் பாலமே அதிர்கிறது. மாலையும் கழுத்துமாக நான் போட்ட கூச்சலில் டிரைவரே இறங்கி ஓடப் பார்த்தார்!

அன்றைக்குப் பிடித்த பயம். பாலம் வருகிறது என்றாலே நெஞ்சடைக்கும், கை கால் சில்லிட்டுப் போகும். எங்களூர் நொய்யல் பாலத்தையே கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டுவேன். (அங்கே சாயத் தண்ணீர் நாற்றத்துக்கு மூக்கையும் மூட வேண்டும், அது வேறு விஷயம்!) காவிரி என்றால் சுத்தம். இக்கரையிலேயே, "வண்டிய நிறுத்துங்க!" என்று கத்திவிடுவேன்.

அதனால் அம்மாதான் மாசாமாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இக்கரைக்கு வருவாள். நான் திருப்பூரிலிருந்து போய் ஈரோட்டுக் கரையில் காத்திருப்பேன். கருங்கல்பாளையம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து கறிக்குழம்பை எடுத்து வைப்பாள்.

"எருமை கன்னு போட்டுருக்குது கண்ணு. ஊட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. நீ படுக்கற ரூம்புக்கு நீலம் அடிக்கச் சொன்னேன்."

அந்த நீலத்தை நான் பார்த்ததே இல்லை. அவளை ஏற்றிக்கொண்டு பஸ் பாலத்தில் சின்னதாகிப் போகிறவரைக்கும் நிற்பேன். கூப்பிடு தூரத்தில் பிறந்த வீட்டை வைத்துக்கொண்டு, அமெரிக்காவுக்கு வாக்கப்பட்டவள் மாதிரி அழுவேன்.

அப்போதுதான் என் ஒரே தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காவோ தங்கச்சியோ நின்று செய்ய வேண்டிய சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம். அது முடிந்தால்தான் மற்றதெல்லாம்.

அம்மா மரத்தடியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "நீ பயந்துக்கிட்டு வரவேண்டாஞ் சாமி. பெரியப்பன் மவள வெச்சு இணைச்சீரு செஞ்சுக்கலாம்."

பெரியப்பா மகள் நல்லவள்தாங்க. ஆனால் என் தம்பிக்கு அக்கா நானல்லவா! வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். அங்கே நான்தான் செக்கிங். ஓட்டை, கறை பார்ப்பது, தொங்குகிற நூல் பிசிறை ட்ரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் வெட்டுவது. உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று வாடகை அம்பாசிடரில் ஏறினால், சீட்டில் ஒரு கட்டு பனியன்!

"ஏனுங்க, கல்யாணத்துக்குப் போற வண்டீல பனியனா?"

"நாளைக்குச் சரக்குப் போகோணும் அம்மிணி. ஒரு பிசிறு இருந்தாலும் திருப்பி உட்டுருவாங்க. பாலம் வந்தா நீ பீஸப் பாரு, பாலத்த நான் பாத்துக்கறேன்."

ஈரோடு தாண்டும்போதே ட்ரிம்மரைக் கையில் பிடித்துவிட்டேன். பட்டுச்சேலையும் பூவுமாக மடியில் பனியனைப் பரப்பி, குனிந்த தலை நிமிரவில்லை. டயர் சத்தம் மாறியது. ஜன்னலில் காற்று அடித்தது. புரிந்துவிட்டது! வேர்த்து ஊற்றுகிறது.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரம்?"

"அடுத்த பீஸ எடு அம்மிணி."

எடுத்தேன். திருப்பினேன். வெட்டினேன். மறுபடி எடுத்தேன், திருப்பினேன், வெட்டினேன்...

"நிறுத்து! அம்மிணி, நிறுத்து!"

நிமிர்ந்தால் வண்டி பள்ளிபாளையத்தில் அம்மா வீட்டு முன்னால் நிற்கிறது. பனியன் கட்டு எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. கை மட்டும் நிற்கவில்லை. என் பட்டுச்சேலை முந்தானைக் குஞ்சத்தைப் பிசிறென்று நினைத்துப் பாதிக்கு மேல் வெட்டித் தள்ளியிருக்கிறேன்!

சிரிப்பதா அழுவதா? இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா வாசலில் இருந்து ஓடி வந்து என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இணைச்சீர் நான்தான் செய்தேன். சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு தம்பி மெதுவாகக் கேட்டான்: "ஏக்கா, முந்தானிய எலி கடிச்சுருச்சா?" (மாப்பிள்ளைக்கு வாய்!)

சாயங்காலம் கிளம்பும் முன் அந்த நீல அறையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். எப்படிப் பாலம் தாண்டினேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கும் ஒரு கட்டு பனியன் குடுத்துருந்தீன்னா தேவலையா இருந்திருக்கும்."

"உனக்கு எதுக்கும்மா?"

"பின்ன? அந்தப் பாலத்தக் கண்டா எனக்கும் ஈரக்கொலை நடுங்குது. பஸ்ஸுல எஞ்சினுக்குப் பக்கத்துல கீழ உக்காந்து, முட்டிக்குள்ள தலைய வெச்சுக்குவேன். கண்டக்டருதான், 'தாண்டியாச்சுங்கம்மா, எந்திரீங்க'ன்னு எழுப்பி உடுவாரு."



"அப்பறம் எதுக்கும்மா மாசாமாசம் வந்தே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீ வரவேண்டாம்னுருவே. அப்பறம் உன்னைய நான் எங்க போய்ப் பாக்கறது?"

அடுத்த மாசத்திலிருந்து நான்தான் போனேன்.