அடுக்கம் பாதையில் அண்ணன் கைகூப்பிய நாள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர், கடைவீதி நண்பர்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதைச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்மீது நாற்பது வருடம் பொறாமைப்பட்டவன் நான் ஒருவன்தான். அதனால் நான் எழுதுவதில் புகழ்ச்சி இருந்தால் அது வேண்டாவெறுப்பாக வந்தது என்று எடுத்துக்கொண்டு நம்பலாம்.

அண்ணன் பிறந்தது பூண்டியில். எங்கள் தகப்பனார் இரண்டு பொதிகுதிரைகளை வைத்துக்கொண்டு பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக் கொடைக்கானல் கடைவீதிக்கும், அடுக்கம் வழியாகப் பெரியகுளம் சந்தைக்கும் கொண்டுபோனவர். அவர் குளிர்காய்ச்சலில் போனபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் குதிரைகளின் கயிற்றைப் பிடித்தார். நானோ பத்து வரைக்கும் படித்தேன். படிக்க வைத்தவர் அவர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படிப்பை விட்டவருக்குப் புத்தகம் விடவில்லை. பழனிக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் காப்பியம், பழம்பாட்டு உரை என்று அட்டை போனதை எல்லாம் வாங்கி வருவார். குதிரைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் படிப்பார். பத்து படித்த எனக்குப் பதம் பிரிக்கத் தெரியாத பாட்டை அவர் கடகடவென்று சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட "அண்ணனப் பாரு" என்று சொன்னதுதான் அதிகம். கடைவீதிக்குப் போனால் மளிகைக்கடை ராவுத்தர் அவருக்கு நாற்காலி போடுவார், என்னிடம் குதிரையைக் கட்டிவிட்டு வரச் சொல்வார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த அண்ணனுக்குத் தம்பியா, அப்படியானால் விசாரிக்கவே வேண்டாம் என்று தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். என் மனைவியைக்கூட நான் அவர் பேரைச் சொல்லித்தான் கட்டியிருக்கிறேன்.

ராவுத்தர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு பிற்பகல்களில் இலக்கிய மன்றம் கூடும். உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து கேட்பார்கள். அண்ணன் விரும்பி எடுக்கும் பொருள் ஒன்றுதான்: பழைய நூல்கள் எவனை ஆண்மகன் என்கின்றன? யானையைக் கொன்றவன், கோட்டையை இடித்தவன் என்று நாங்கள் அடுக்கினால் பொறுமையாகக் கேட்பார். பிறகு, அந்த வீரன் ஜெயித்த பிறகு என்ன செய்தான் என்று படித்தீர்களா என்பார். ஆயுதம் நழுவியவனை அவன் வெட்டினானா, ஓடுகிறவனைத் துரத்தினானா, அடுத்தவன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தானா, எளியவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினானா என்று கேட்டுக்கொண்டே போவார்.

"ஏலே, அடிக்க முடியிறப்ப கைய மடக்குறான் பாரு, அவனத்தான் பாட்டுல ஆம்பளைங்குறாக" என்று ஒருமுறை குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். எழுத்து வாசனை உள்ள நான் அடுத்த குதிரையை அவிழ்க்கப் போனேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு மன்றத்தில் பெரிய வாதம் வைத்தார்கள். ஆண்மைக்கு அழகு வீரமா, ஒழுக்கமா? ஒழுக்கத்துக்கு அண்ணன். வீரத்துக்கு யாரும் முன்வராதபோது நான் கையைத் தூக்கினேன். ஜெயிப்பவருக்குக் கம்பளிச் சால்வை என்று ராவுத்தர் அறிவித்தார். எனக்குச் சால்வை பெரிதில்லை. அண்ணன் ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலும் தோற்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

அன்று மேல்மாடியில் இடமில்லை. பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள், அண்ணியும் இருந்தார். அண்ணன் பேசி முடித்ததும் கைதட்டல் அடங்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்தது எதுவும் அதற்கு முன்னால் எடுபடாது என்று தெரிந்தது. அப்போதுதான் ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு சங்கதியை எடுத்தேன்.

ஒழுக்கம் ஒழுக்கம் என்று பேசும் இவர் அடுக்கம் பாதையில் ஒரு சுமைகூலி அதட்டியதற்குக் கைகூப்பி நின்றார் என்றேன். எங்கள் சரக்கை நடுவழியில் விட்டுவிட்டு அந்த ஆளின் மூட்டையைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார், பயத்துக்கு ஒழுக்கம் என்று பேர் வைத்துக்கொள்வது சுலபம் என்றேன். மூட்டைகள் மேலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். அடுக்கம் பாதை ஒற்றைக் குதிரை போகும் அகலம். மேலே ஏறி வருகிற சுமைகாரருக்கு மலைப்பக்கத்தை விட்டுக்கொடுத்து இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். சுமையோடு ஏறுகிறவர் நின்றுவிட்டால் திரும்பக் கால் எடுத்து வைக்க முடியாது. அதனால் குதிரையோடு இறங்குகிறவர்கள் அகலமான வளைவுகளில் நின்று குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கீழே போவார்கள். அன்று முன்குதிரையைப் பிடித்திருந்தவன் நான். சந்தைக்கு வெள்ளனே போய்ச் சேரும் அவசரத்தில் வளைவில் நிற்கவும் இல்லை, குரல் கொடுக்கவும் இல்லை. எதிரே உப்பு மூட்டையோடு அடுக்கத்து மாயாண்டி ஏறி வந்தார். ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். நான் குதிரையை முன்னே விட்டு நெருக்கினேன். அவர் பாறையில் சாய்ந்து தப்பினார், மூட்டை விழுந்து கிழிந்தது. பின்னால் வந்த அண்ணன்தான் கைகூப்பினார். சிந்தியது போக மிஞ்சிய உப்பைத் தன் மேல்துண்டில் கட்டி, கிழிந்த மூட்டையைத் தோளில் ஏற்றி அடுக்கம் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் குதிரைகளோடு வழியில் உட்கார்ந்து, நம் மானத்தை வாங்கிவிட்டாரே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

மன்றத்தில் இதில் பாதியை விழுங்கிவிட்டேன். சிரிப்பு ஓய்ந்ததும் ராவுத்தர் அண்ணனைப் பதில் சொல்லச் சொன்னார். அண்ணன் எழுந்தார். என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும், நான் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

"தம்பி சொன்னது நடந்ததுதாங்க. நான் கைகூப்புனேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நான் ஜெயித்தேன். சால்வையைப் போர்த்தியபோது மாடிப்படியைப் பார்த்தேன், அண்ணி தலைகுனிந்திருந்தார். பூண்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். சிவப்புக் குதிரைக்கு லாடம் ஆடுகிறது, நாளைக்குப் பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அதற்குப் பிறகு அண்ணன் மன்றத்தில் அந்தப் பொருளை எடுக்கவே இல்லை. குடும்பத்தை உயர்த்தினார், எனக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார், கவுஞ்சியில் நிலம் வாங்கி இருவர் பேரிலும் எழுதினார். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு நாளாவது அவர் என்னிடம் அந்த உப்பு மூட்டையைச் சொல்லிக் காட்டியிருந்தால் நாங்கள் சரிக்குச் சரி ஆகியிருப்போம்.

போன வருடம் மார்புச் சளி முற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குளிரில் நடுங்கினார் என்று அந்தச் சால்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன். அதை விலக்கி என் கையில் கொடுத்தார்.

"இது நீ ஜெயிச்சதாச்சே. நீயே போத்திக்க, பனி கொட்டுது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விடியலில் போய்விட்டார்.

செய்தி கேட்டு அடுக்கத்திலிருந்து மாயாண்டி நடந்தே வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடுகாட்டிலிருந்து இறங்கும்போது, அன்று நடந்ததை யாரிடமாவது சொன்னீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாருங்க. தம்பி பேரு கெட்டுரும்னாரு" என்றார்.

கருமாதியன்று ராவுத்தர், அண்ணனுக்கு மலர் போட வேண்டும், ஆண்மையைப் பற்றி வாதாடி ஜெயித்தவன் நீதானே, கட்டுரையை நீயே எழுது என்றார். அவரும் ஒன்றும் அறியாதவர். ஒரு வருடம் எழுதாமல் கடத்தினேன்.

அண்ணனுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிமார்களுக்கும், மலருக்குக் காகிதம் கொடுத்த ராவுத்தருக்கும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மாயாண்டிக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அச்சுக்குப் போகும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணி கேட்டு முடித்து அண்ணன் படத்தின் பக்கம் திரும்பினார்.

"பத்து வருசம் ஒரு பயந்தாங்கொள்ளியோட குடும்பம் நடத்துனேன்னுல்ல நெனச்சேன். எங்கிட்டக்கூட சொல்லலையே" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இலையைப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தச் சால்வையை மன்றத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று மூட்டைகள் மேல் உட்கார்ந்து சிரித்தவர்கள் இதைப் படித்தால், தூக்கிய கையை இப்போது இறக்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் நீங்கள் அண்ணனைத்தான் புகழ்வீர்கள், எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னவன் நான், பேர் வாங்குகிறவர் அவர். இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, அண்ணா.