தோளுக்குள் ஒரு திராட்சைக் கொத்து

எனக்குக் கையில் ஆபரேஷன் என்று முடிவானதும், செய்யூரில் எங்கள் தெரு முழுக்க அந்தச் செய்தியை நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே என் மூட்டுகள் இறுகிப்போனவை. முழங்கை மடங்காது, கை வாய்க்கு எட்டாது. மாமல்லபுரம் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினால்கூட யாராவது ஊட்டிவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்தால் நானே தின்னலாம். துள்ளிக் குதிக்காமல் எப்படி இருப்பேன்?

சிக்கல் மயக்க மருந்தில் இருந்தது. என் தாடையும் இறுகிப்போனதுதான். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். தூங்கவைத்தால் மூச்சுக்கு டியூப் விட வழியில்லை என்று ஓர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். செங்கல்பட்டில் பார்த்த மயக்க மருந்து டாக்டரம்மாதான், "தூங்கவே வைக்க வேணாம். ஸ்கேன்ல நரம்பைப் பாத்து, கையை மட்டும் மரத்துப்போக வச்சிடலாம்" என்றார்.

ஸ்கேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி பிறக்கும் முன் அம்மாவோடு ஸ்கேன் எடுக்கப் போய், ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். ஆக, ஸ்கேனில் தெரிவது பாப்பா. எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது! மாமா வேறு தூபம் போட்டார். "உள்ள இன்னா கீதுன்னு நைசா கேட்டுகினு வா. லேசுல சொல்லமாட்டாங்க."

தியேட்டரில் அம்மாவுக்கும் பச்சை அங்கி மாட்டி என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா கழுத்தெலும்புக்கு மேலே ஜில்லென்று ஜெல் தடவினார். திரையில் ஏதோ துடித்தது.

"கறுப்பா துடிக்குதே, அது ரத்தக்குழாய். பக்கத்துல திராட்சைக் கொத்து மாதிரி இருக்குது பாரு, அதான் உன் நரம்பு."

என் உடம்புக்குள் திராட்சை! சந்தோஷம் தாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "யாராண்டயும் சொல்லமாட்டேன். ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டேன். தியேட்டரே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார், ஆனால் எல்லோருடைய சிரிப்பும் அடங்கும்வரை ஊசியைத் தொடவில்லை.

ஊசி திரையில் வெள்ளைக் கோடாக வந்தது. கொத்தைச் சுற்றி மருந்து பரவியது. கொஞ்ச நேரத்தில் கை என்னுடையதாகவே இல்லை.

"பேசிட்டே இரு கண்ணு, நிறுத்தாத" என்றார் டாக்டரம்மா.

என்னிடம் போய் அதைச் சொல்ல வேண்டுமா? துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் கையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் மாமாவின் செருப்பை அலை இழுத்துப்போன கதையை அளந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் நிறுத்தினால் போதும், "அப்புறம்?" என்பார் டாக்டரம்மா. எனக்கு ஒரே பெருமை. அம்மாதான் ஒரு 'உம்' கூடக் கொட்டவில்லை.

வார்டுக்கு வந்தபோது மடக்கிக் கட்டிய கையின் விரல்கள் என் முகவாய்க்குப் பக்கத்தில் இருந்தன. அதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். முதல் வேலையாக மாமாவிடம் புகார் வாசித்தேன். "அம்மா கதையே கேக்கல மாமா. என் நெஞ்சு மேல கைய வச்சிகினு சும்மா குந்திகினு இருந்துச்சி."

மாமா கிண்டல் செய்வார் என்று பார்த்தால், அம்மாவின் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபமான கோபம். மருந்து மூச்சையும் தொட்டுவிட்டால் என்னைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பதும், டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தது என் கதையை அல்ல, மூச்சை என்பதும் அந்தத் தியேட்டரில் எனக்கு மட்டும்தான் தெரியாது.